எல்லை மீறிய ஏத்தங்குலை விவகாரம் குறித்துச் சம்பந்திக்கு

அய்யா உண்டு

நாகர்கோவில்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, சிதறால் சுயம்பு அவர்கள் சமூகத்துக்குப் பொன்னுலிங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி செல்லத்தாயும் மகள் அஞ்சுவும் அய்யா அருளால் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா பூங்கனி அவர்களும், மாப்பிள்ளை அபிலாஷும், ரப்பர் மரங்களும், வாழைகளும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். வாழை என்று எழுதியதும் தங்கள் முகம் மாறுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சொல்லை அடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இதே தாளில் ‘சம்பந்தி’ என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி அடித்து, மூன்றாம் தடவையாக எழுதியிருக்கிறேன். இன்னும் அடித்தால் தாள் ஓட்டையாகிவிடும்.

பதினோரு நாளாகத் தங்களைப் போனில் பிடிக்க முயல்கிறேன். முதல் நாள் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இரண்டாம் நாள் இரண்டு மணியோடு நின்றது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு பெண் குரல் தாங்கள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நானும் ஏதோ முக்கியமான பேச்சுப் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். எட்டு நாளாக ஒரு மனிதர் ஒரே பேச்சைப் பேசமாட்டார், நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று அஞ்சு விளக்கிய பிறகுதான் தபாலுக்கு வந்தேன். தபாலைத் தடுக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தாங்கள் சொல்லிவிட்டதாக அம்மா பூங்கனி செல்லத்தாயிடம் அழுதார்களாம். தங்கள் கோபம் நியாயம். ஆனால் பிள்ளைகளைப் பாருங்கள். அஞ்சுவும் அபிலாஷும் தக்கலையில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், ஓடிப்போகாமல் ஒளிந்துகொள்ளாமல், பெரியவர்கள் சம்மதித்தால்தான் என்று நாலு வருஷம் காத்திருந்தவர்கள். இப்போது அஞ்சு அழவுமில்லை, என்னை ஏசவுமில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு வலித்ததில்லை. ஆகவே நடந்தது முழுவதையும் ஒளிவு மறைவு இல்லாமல் தங்கள் முன் வைக்கிறேன். தவறு எல்லாம் என்னுடையது. அளவு மட்டும் சரி.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருந்து செல்லத்தாயின் அலமாரியை மூன்று தடவை ஒழுங்குபடுத்திய பிறகு, அவளே எனக்கு இந்த வேலையைத் தேடிக் கொடுத்தாள். ஒரு தனியார் கம்பெனி, இரணியலுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே தண்டவாளத்தின் ஓரத்தில் கம்பங்கள் நட்டு ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்கிறது. சரக்கு வண்டியும் ஆள் போகிற வண்டியும் ஓடுவது ஒரே தண்டவாளத்தில்தானே? கல்லோ இரும்போ ஏற்றிய வண்டியில் ஏதாவது ஒன்று சரிந்து வெளியே நீட்டிக்கொண்டு வந்தால், எதிர் வண்டியில் ஜன்னலோரம் கையை வைத்து உட்கார்ந்திருப்பவர் கதி என்ன ஆகும்? அதற்காக, வண்டி போகவேண்டிய அளவுக்கு ஒரு வாசல் நிலை மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு போட்டிருக்கிறார்கள். அந்த நிலைக்கு வெளியே எது நீட்டினாலும் சைரன் அலறும். எவ்வளவு நீட்டுகிறது என்று திரையில் எண் விழும். முன்னால் சிவப்பு விளக்கு எரியும், டிரைவர் வண்டியை நிறுத்துவார், நான் டேப்பும் நோட்டுமாக ஓடிப்போய்ப் பார்த்து எழுதவேண்டும். கம்பெனியிலிருந்து போனில் அனுமதி வந்த பிறகு விளக்கைப் பச்சையாக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நானும் இதை நம்பவில்லை. முதல் மாதம் சிமெண்ட் வண்டியின் மேல் ஒரு மயில் ஏறி நின்று தோகையை விரித்துவிட்டது. சைரன் அலறி, வண்டி நின்று, நான் நோட்டில் ‘எல்லை மீறிய பொருள்: மயில். அகற்றிய முறை: கைதட்டி’ என்று எழுதினேன். டிரைவர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இன்னொரு நாள் தார்ப்பாய் அவிழ்ந்து காற்றில் உப்பி ஒரு யானைக்குட்டி அளவுக்கு வந்தது. ஆனால் சித்திரையில் ஒரு நாள், இரும்புத் தகடு ஏற்றிய வண்டியில் கட்டு அறுந்து ஒரு தகடு அரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. கருவிக்குத் தெரிந்தது. வண்டியை நிறுத்திய எட்டாம் நிமிஷம், திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தோடு எதிரே பாசஞ்சர் போனது, ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் கையை வெளியே நீட்டிக்கொண்டு. அன்றைக்கு நான் அந்தக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டேன் சம்பந்தி. அதற்குப் பிறகு அது சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. லீவு போடச் சொல்லி செல்லத்தாய் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். “ஏய் மனுசா, பெண்ணு கேட்டு ஆளு வருது, நீரு கம்பத்துக்குக் காவலு நிக்கவா போறீரு?” என்று கேட்டாள். எனக்குப் பதிலாக வரவேண்டிய ஆள் வரவில்லை, கடமை என்று ஒன்று இருக்கிறதே, போனேன். தாங்கள் குழித்துறையில் ஏறிய வண்டி என் இடத்தைக் கடப்பது பத்து நாற்பது. தாங்கள் நாகர்கோவிலில் இறங்கி, ஆட்டோ பேசி, வீடு வந்து சேர்வதற்குள் நான் பைக்கில் முந்திப்போய் வேட்டி மாற்றி வாசலில் நின்றுவிடலாம் என்பது என் திட்டம்.

தங்களை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. அபிலாஷ் காட்டிய படம் தாங்கள் துபாயில் இருந்தபோது எடுத்தது. கரிய மீசை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் யாருடையதோ கார். அந்த ஆளைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். தாங்களும் என்னை அடையாளம் கண்டிருக்க வழியில்லை. தலையில் ஹெல்மெட், உடம்பில் பளபளக்கும் மஞ்சள் சட்டை, தூசிக்கு முகமூடி.

வண்டி வந்தது. சைரன் அலறியது. திரையில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று விழுந்தது. இது சரக்கு வண்டிக்கு வைத்த கருவி, பாசஞ்சருக்கு அலறி நான் கேட்டதேயில்லை. என்ன கொடுமையோ என்று ஓடினேன். ஐந்தாவது பெட்டியின் ஜன்னல் கம்பியில், கயிறு போட்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை. என் இடுப்பு உயரம் இருக்கும். உண்மையைச் சொல்லவேண்டும், அப்படி ஒரு குலையை நான் கோட்டாறு சந்தையில்கூடக் கண்டதில்லை. உள்ளே ஒரு வெள்ளை மீசைக்காரர் ஒரு கையைக் கம்பி வழியாக வெளியே விட்டு அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

“யாருக்க கொல வோய் இது?” என்றேன்.

“எனக்க கொலதான். அதுக்கு என்னவாம்?” என்றீர்கள்.

“அவுத்து எறக்கும்.”

“எறக்கப்பிடாது. பெண்ணு வீட்டுக்குக் கொண்டுபோற கொலையாக்கும். வழியில தரையில வச்சா எங்க குடும்பத்துக்கு ஆவாது. பெண்ணு வீட்டு நடையிலதான் மொதல்ல எறக்கணும். அதுக்குத்தான் பெட்டிக்குள்ளயும் வைக்காம இப்பிடிக் கெட்டித் தொங்கவிட்டிருக்கு.”

இந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பெண் வீட்டுக்கு, பத்து நாற்பது வண்டியில், குழித்துறைப் பக்கத்திலிருந்து என்றால் வேறு யாராக இருக்கும்? ஆனால் சைரன் அலறிக்கொண்டிருக்கும்போது எனக்கு மூளை வேலை செய்வதில்லை. கை மட்டும்தான் வேலை செய்யும்.

“பெண்ணு வீடோ மண்ணு வீடோ. எந்தப் பேயனுக்க வீட்டுக்கு ஓய் போவுது இது?” என்று கேட்டேன்.

தங்களுக்கு முகம் சிவந்துவிட்டது. “மரியாதையாப் பேசும். பெண்ணுக்க அப்பா ரயில்வேல பெரிய ஆளாக்கும். அவியளுக்கு ஒரு போனு போட்டம்னா உமக்க தொப்பி தெறிச்சுப் போவும்” என்றீர்கள்.

“போடும் ஓய். வரச்சொல்லும் அந்தப் பெரிய ஆள. அவன் பேரையும் சேத்து எழுதுகேன்.”

தாங்கள் போன் போட்டீர்கள். என் பையில் மணி அடித்தது, கம்பெனிக்கு வைத்திருக்கும் மணி இல்லை. வேலை நேரத்தில் சொந்த அழைப்பை எடுக்கக்கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, அதனால் யாரென்று பார்க்காமல் அமுக்கிவிட்டேன். “கட்டு பண்ணிட்டாரு. பெரிய மனுசன், ஜோலியா இருப்பாரு” என்று தாங்கள் பக்கத்திலிருந்தவர்களிடம் எனக்காகப் பரிந்து பேசியது இப்போதும் என் காதில் நிற்கிறது. முன்பின் பார்க்காத என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினீர்கள். நானோ என்னையே பேயன் என்று ஏசிக்கொண்டு தங்கள் கை தாங்கியிருக்கும்போதே கயிற்றை அறுத்தேன்.

அதற்கு முன் அளந்தேன். இதைக் கவனிக்கவேண்டும் சம்பந்தி. டேப்பைப் பிடித்து முறைப்படி அளந்தேன். சரியாக முப்பத்திரண்டு. கருவி சொன்னதும் முப்பத்திரண்டு, டேப் சொன்னதும் முப்பத்திரண்டு. இரண்டு சாட்சி ஒரே வார்த்தை சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும்? குலையை இறக்கி ஜல்லியின்மேல் வைத்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து அம்மா பூங்கனி, “அய்யோ, கொல தரையத் தொட்டுட்டே” என்று நெஞ்சில் கைவைத்தார்கள். அந்தச் சத்தம் பதினோரு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அன்றோ, “ஒரு கொலைக்கு இம்பிடு விளியா?” என்று கேட்டுவிட்டு நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டதற்குத் தாங்கள், “எனக்க பேரு என்னதுக்கு? கொலைக்குத்தானே கேசு, கொலைக்கப் பேரப் போடும்” என்றீர்கள். ‘உரிமையாளர்: ஏத்தன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வண்டி ஒரு மணி நேரம் நின்றதில் என் பங்கு இருபது நிமிஷம்தான் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து அனுமதி என் போனில் வரவேண்டும். அந்த நேரம் முழுக்கத் தாங்கள் என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்ல விடாமல் அழைத்துக்கொண்டிருந்ததால், கம்பெனிக்காரர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. வண்டியில் இருந்த மற்றவர்கள் என்னை ஏசியது தனி. மண்டைக்காட்டுக்குப் போய்த் திரும்புகிற ஒரு கூட்டம் என்னைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல், ஹெல்மெட்டோடு வாசலில் ஏறினேன். தாங்கள் பாயசக் கிளாசை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தீர்கள். “இவியதான் அஞ்சுக்க அப்பா” என்றாள் செல்லத்தாய், முகமெல்லாம் சிரிப்பாக. தாங்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “பேயன் வந்துட்டாரா?” என்று கேட்டீர்கள்.

அப்போதாவது நான் காலில் விழுந்திருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, “நான் தந்த சீட்டு பத்திரமா இருக்கா?” என்பதுதான். அபிலாஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். அஞ்சு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாங்கள் எல்லாரும் எழுந்துபோன பிறகு, எட்டுக் கிளாஸ் பாயசத்தையும் நானும் செல்லத்தாயும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குலையின் நிலவரமும் தங்களுக்குத் தெரியவேண்டும். விசாரணை முடியும்வரை அதை அப்புறப்படுத்தக்கூடாது என்பதால் என் கேபினில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு அது தரையைத் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறேன். ஐந்தாம் நாள் பழுத்தது. மணம் தாங்காமல் கூட்ஸ் டிரைவர்கள் அவர்களாகவே வண்டியை மெதுவாக்குகிறார்கள். விசாரிக்க வந்த கம்பெனி இன்ஜினியர் ஷாஜன் என்ற பையன் முதல் நாள் ஒன்று தின்றார். மறுநாள் விசாரணை முடியவில்லை என்று திரும்ப வந்து நாலு தின்றார். இப்போது கடைசி இரண்டு சீப்பும் காம்பும்தான் சாட்சியாக மிச்சம். நல்ல பழம் சம்பந்தி. தங்கள் மண்ணுக்கும் கைக்கும் அப்படி ஒரு ருசி.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். தண்டனையை எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். குலை தரையைத் தொட்டதுதான் குற்றம் என்றால் அதற்குப் பரிகாரம் நானே செய்கிறேன். அதைவிடப் பெரிய குலையாக வாங்கி, என் தோளில் ஏற்றி, குழித்துறை ரயிலடியில் இறங்கி, ஓரிடத்திலும் கீழே வைக்காமல் சிதறால் வரை நடந்து வந்து தங்கள் நடையில் இறக்குகிறேன். எனக்கு வயது அறுபத்திரண்டு, வலது முட்டி சரியில்லை, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். அதெல்லாம் பரவாயில்லை. என் மகள் சோறு தின்னவேண்டும். பேயன் என்று நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அது எனக்குச் சொன்னதுதான் என்பதால் வாங்குவது எளிது. அந்த முப்பத்திரண்டு சென்டிமீட்டரை மட்டும் திரும்ப வாங்கச் சொல்லாதீர்கள். அதை நான் விட்டால், நாளைக்கு இரும்புத் தகட்டோடு வருகிறவனிடம் எந்த முகத்தோடு பேசுவேன்?

அம்மா பூங்கனிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. தங்கள் குடும்பம் சீரும் செழிப்புமாக விளங்கவும், தங்கள் கோபம் சீக்கிரம் தணியவும் அய்யா வைகுண்டர் அருள் புரியட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பொன்னுலிங்கம்.

பின்குறிப்பு: உறையில் ஸ்டாம்பு ஒட்டி, செருப்பு மாட்டும் நேரத்தில் ஷாஜன் மடிக்கணினியோடு வந்தார். சைரன் அலறும்போதெல்லாம் கருவி தானாக ஒரு படம் எடுத்து வைக்குமாம். பதினோரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. படத்தைப் பார்த்தேன். அதில் குலை இல்லை. தங்கள் பெட்டியும் இல்லை, இன்ஜினின் மூக்குதான் அப்போது கம்பத்துக்கு வந்திருந்தது. இருப்பது ஒரு ஹெல்மெட், தாடைக்கு இறங்கிய முகமூடி, தூக்கிப் பிடித்த ஒரு பச்சைக்கொடி, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் சட்டையில் என் வயிறு. எல்லைக்கோட்டைத் தாண்டி முப்பத்திரண்டு சென்டிமீட்டர். பதிலாள் வரவில்லை என்று மேலே எழுதியது பொய். வந்தவரை நான்தான் திருப்பி அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிற வண்டிக்கு என் கையால் கொடி காட்டவேண்டும் என்று ஓர் ஆசை. எந்த ஜன்னலில் இருக்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். பெட்டி கடந்தபோது கருவி எடுத்த கணக்குப்படி, தங்கள் குலை எல்லைக்கு நாலு விரற்கடை உள்ளேயே இருந்ததாம். நான் டேப்பில் முப்பத்திரண்டு கண்டது எப்படி என்றால், எண்ணை முதலில் தெரிந்துகொண்டு அளந்தால் டேப் எந்த எண்ணையும் காட்டும் போலிருக்கிறது.

அஞ்சு எட்டிப் பார்த்தாள். கடிதத்தையும் வாங்கி வாசித்தாள். “அப்பா, இந்த லெட்டர அனுப்பினா கல்யாணம் நின்னுரும். இந்தப் படத்த அனுப்பினா நடந்துரும்” என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் படத்தை அபிலாஷுக்கு அனுப்பிவிட்டாள். கால் மணி நேரத்தில் தங்கள் அழைப்பு. வீட்டில் அத்தனை பேரும் தங்கள் பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்டது. “படத்தில பல்லு முப்பத்திரண்டும் தெரியுதே. எனக்க குடும்பத்தக் காண இம்பிடு ஆசையா வோய் உமக்கு?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லித் தாங்களே போனை வைத்துவிட்டீர்கள்.

ஸ்டாம்பு ஒட்டியாயிற்று என்பதால் இதை அனுப்புகிறேன். மேலே எழுதியதில் ஒரு வரியையும் வைத்துக்கொள்ளாமல் கிழித்துவிடவும். போனில் சொல்ல முடியாத பதிலை மட்டும் எழுதிவிடுகிறேன். ஆமாம் சம்பந்தி. அவ்வளவு ஆசைதான்.